சேவல் மார்க்கா, யானை மார்க்கா?

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாம் கட்டுரை எழுதுகிறார்கள். கப்பலில் தலை சுற்றியது, குளிரில் பல் கிட்டியது, அவித்த உருளைக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது எல்லாம் அச்சில் வருகிறது. நானும் வெளிநாடு போய் வந்தேன். நாகப்பட்டினத்தில் குடித்த காலைக் காபி ஜீரணமாவதற்குள் வந்துவிடுகிற வெளிநாடு. ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூரில் இந்திய யூனியன் சுங்கச் சாவடி. அதற்கப்பால் மூவர்ணக் கொடி, நம்முடையதல்ல, பிரெஞ்சுக்காரனுடையது. மைல்கல் கிலோமீட்டர் கல்லாகிவிடும். காலன் லிட்டராகிவிடும். வயலும் வாய்க்காலும் மட்டும் எந்த அரசாங்கத்தையும் கேட்காமல் அப்படியே தொடரும்.

கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக ரிடையரானவன் நான். எல்லை தாண்டுவதற்கான விதிகளைப் பற்றிப் பிறருக்கு எத்தனையோ குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானே தாண்டியதில்லை. காரைக்காலில் எனக்கு வேண்டியவரான காசிம் மரைக்காயர் மகனுக்கு நிக்காஹ் என்று அழைத்தார். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்திருக்கலாம். என் மாப்பிள்ளை சாம்பசிவம் விடவில்லை.

மாப்பிள்ளை ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். ராணுவ டிஸ்போசலில் எடுத்த மோட்டார் சைக்கிளும், அதன் விலாவில் ஒட்டிய சைடுகாரும் அவருடைய ஆஸ்தி. அந்த வண்டி பெட்ரோல் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் முந்தின ஜன்மத்தில் அது கோடையில் காய்ந்த வடவாற்றுப் படுகையாக இருந்திருக்குமோ என்று தோன்றும். எங்கள் ஊரில் வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. நம் பக்கத்து யானை மார்க் பெட்ரோல் சத்தில்லாதது, காரைக்காலில் விற்கிற சேவல் மார்க் ஊற்றினால் ஒன்றரை மடங்கு ஓடும், இழுவையும் அதிகம் என்பார்கள். மாப்பிள்ளையும் முன்பு இரண்டு தடவை அங்கே கொஞ்சம் ஊற்றிப் பார்த்து அசந்து போனாராம். இந்த முறை விஞ்ஞான ரீதியாக நிரூபித்தே தீருவது என்று கிளம்பினார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அவர் வேலை இன்னும் உறுதியாகவில்லை. சோதனைக் காலம் முடிந்து காகிதம் மேலிடத்துக்குப் போயிருந்த சமயம். சுங்க இலாகா ஒரு வரி எழுதினால் போதும், அந்தக் காகிதம் திரும்பி வராது. வந்தாலும் சிவப்பு மையோடு வரும். அப்படிப்பட்ட வரிகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்ததில்லை. என் மகள் கைக்குழந்தையோடு வாசலில் நின்று டாட்டா காட்டியபோது அவர்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

முதல் நாள், டாங்க் வழிய வழிய யானை மார்க் போட்டுக்கொண்டு கிளம்பினோம். இது என் ஏற்பாடு. சாவடியில் போகும்போது டாங்கில் குச்சி விட்டு அளந்து சீட்டு எழுதுகிறார்கள். வரும்போது அதற்கு மேல் இருந்தால் கடத்தல். ஆகவே நிறையக் காட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். சாவடியில் ஒரு ஜவான் மூங்கில் குச்சியை விட்டு, எடுத்து, மோந்து பார்த்து, “ஃபுல்லுங்க” என்றான். சீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்கள். கையெழுத்து என்றால் என் கை தானாக நீளும். போட்டேன். பிரெஞ்சு எல்லையில் இருந்த சிப்பாய் ஸ்டூலை விட்டு எழாமலே எங்களைப் போகச் சொன்னான். ஒரு தேசம் இவ்வளவு அலட்சியமாக இருப்பதைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் கூடியது.

வழி நெடுகப் பெட்ரோல் நெடி. சைடுகாரில் உட்கார்ந்த எனக்கு மண்டை இடித்தது. “பாத்தீங்களா மாமா, யானை மார்க்னாலே இந்த நாத்தந்தான். சுத்தமில்லாத சரக்கு” என்றார் மாப்பிள்ளை.

மரைக்காயர் வீட்டில் எங்களுக்குப் பின்கட்டில் அறை. வண்டியைக் கொல்லையில் மணலில் நிறுத்தினோம். கல்யாண வீடு. பத்துப் பேர் வருவார்கள், போவார்கள். யாராவது பெட்ரோலை உருவிவிட்டால் பரிசோதனை கெட்டுவிடும். நான் ஒரு துண்டுக் காகிதத்தைக் கோந்து தடவி டாங்க் மூடிமேல் குறுக்காக ஒட்டி, இரண்டு முனையிலும் கையெழுத்திட்டேன். கஜானாப் பெட்டிக்குச் செய்வது. மரைக்காயர் இதைப் பார்த்துவிட்டு, “எங்கூட்டுல பெட்ரோலக் குடிக்கிற ஆளு யாரும் இல்லீங்களே” என்றார். கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் கோந்து காயும்வரை நான் அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் பலகாரம் வந்தது. பிரெஞ்சு ரொட்டியை நீளமாகப் பிளந்து உள்ளே ஆட்டிறைச்சி வைத்து, பக்கத்தில் நம் கொத்தமல்லித் துவையல். இரண்டு சாம்ராஜ்யங்கள் ஒரே தட்டில் சண்டையில்லாமல் இருந்தன. சைகோனில் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் எங்கள் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். என்னவென்று மரைக்காயரைக் கேட்டேன். தயங்கித்தான் மொழிபெயர்த்தார். “யூனியன்காரங்க பெட்ரோலுக்கும் ஃபைல் போடுவாங்க போலங்கிறாரு.”

இரண்டாம் நாள் காலை பரிசோதனை. யானை மார்க் தீர்ந்து வண்டி தானாக நிற்கிற வரை ஓட்டுவது, நின்ற இடத்தில் சேவல் மார்க் ஊற்றி மறுபடி நிற்கிற வரை ஓட்டுவது, இரண்டையும் கணக்குப் போடுவது. இதுதான் மாப்பிள்ளையின் திட்டம். ஆக, வழியில் நிற்பதற்கென்றே கிளம்பினோம். காரைக்கால் பங்கில் வாங்கிய சேவல் மார்க் தகரம் என் மடியில். கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒருவர் சுருட்டோடு வந்து சைடுகாரின் மேல் கை ஊன்றி, “இது என்னா வெலைங்க?” என்று கேட்டார். நான் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

எனது முத்திரை உடையாமல் இருந்ததை மாப்பிள்ளைக்குக் காட்டி, சாட்சி வைத்துத்தான் கிளம்பினோம். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. முத்திரை சரியாக இருந்தால் உள்ளே இருப்பதும் சரியாக இருக்கும் என்பது கஜானா விதி.

குரும்பகரம் தாண்டி வயல் நடுவே வண்டி இரண்டு முறை இருமி நின்றது. நான் எதிர்பார்த்ததற்கு எவ்வளவோ முன்னால். மாப்பிள்ளை இறங்கி மைல் காட்டும் முள்ளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையைத் தட்டினார். வரப்பில் நாற்று முடி சுமந்து போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

“வண்டி நின்னா மனுசன் தலைல கைய வைப்பான். இவரு கைய தட்டுறாரு.”

“பக்கத்துல குந்தியிருக்காரே, அவரு தலைல வச்சிருக்காரு பாரு. ரெண்டு பேருக்கும் சேத்து.”

உண்மைதான். என் கை தலையில்தான் இருந்தது. நான் கவலைப்பட்டது வேறு. இப்போது டாங்க் காலி. இனி ஊற்றுவதெல்லாம் அந்நியச் சரக்கு. ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தீரத் தீர ஊற்றலாம். மிச்சம் வைத்துக்கொண்டு திண்டாடக் கூடாது. மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்த இரண்டு லிட்டரில் வண்டி என்ன ஓட்டம் ஓடியது! குரும்பகரத்திலிருந்து திரும்பி, கோட்டுச்சேரிமேட்டில் வலை காயப்போட்ட மணலை ஒட்டி, மண்டபத்தூர் வரைக்கும் போய், உப்புக் காற்றில் என் அங்கவஸ்திரம் பறக்க, இன்னும் நிற்கவில்லை. மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. கருவாட்டுக் கூடையோடு சைக்கிளில் வந்த ஒருவரை வாய்க்காலில் தள்ளாமல் தவிர்த்தது தெய்வச் செயல். அவர் எங்களைப் பற்றிச் சொன்னதை எழுதுவதற்கில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அரசலாற்றுப் பாலத்தில் ஏறினோம். எங்கள் ஜில்லாவில் மலை என்றால் பாலம்தான். வண்டி முக்காமல் ஏறியது. கணக்குப் போட்டதில் ஒன்றரை மடங்கென்ன, அதற்கும் மேலேயே வந்தது. நான் சந்தேகக்காரன். ஆனால் என் கண்ணால் பார்த்தது. என் முத்திரையின் கீழ் நடந்தது. ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் நிக்காஹ். நெய்ச்சோறும் தாளிச்சாவும். பெரிய தட்டைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. என் மாப்பிள்ளை தட்டுக்குத் தட்டு போய் சேவல் மார்க்கின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தட்டில் இருந்த திருமலைராயன்பட்டினத்து பஸ் முதலாளி கேட்டார்.

“இப்ப வண்டியில எது கெடக்கு?”

“சேவல்தான். கொஞ்சம் மிச்சம். சீட்டுல எழுதினதுக்கு ரொம்பக் குறைச்சல்” என்றேன்.

“கொறைச்சலா கூடவா, அத வுடுங்க. சேவலு செவப்புல்ல. யானை மஞ்ச. போன மாசம் திருவாரூர் கண்ட்ராக்டரு ஒருத்தர் பெட்ரோல கண்ணாடித் தம்ளர்ல புடிச்சுப் பாத்துட்டு ஆள உக்கார வச்சுட்டாங்களாமே.”

அதற்குப் பிறகு வட்டலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அருமையான பண்டம் என்கிறார்கள். நான் விழுங்கியது ஞாபகமில்லை. அளவைப் பற்றிய விதி முழுக்கத் தெரிந்த எனக்கு நிறத்தைப் பற்றிய விதி தெரியவில்லை. சீட்டில் இருப்பது யூனியன் பெட்ரோல். டாங்கில் இருப்பது சிவப்பு. பொய் வாக்குமூலம், அந்நியச் சரக்கு, உடந்தை: மூன்று பிரிவுகள் வரிசையாக மனதில் வந்து நின்றன. மாப்பிள்ளையின் பெயருக்கு எதிரே.

“அதெல்லாம் ஒண்ணும் பாக்க மாட்டாங்க மாமா” என்றார் அவர். “பாக்க மாட்டாங்க” என்று சொன்னவர்களின் ஃபைல்கள்தான் மிகவும் கனமாக இருக்கும்.

நான்காம் நாள் கிளம்பினோம். திருமலைராயன்பட்டினம் வரை ஓட்டிக்கொண்டு போய், அந்த பஸ் முதலாளியின் கொட்டகையில் டாங்கைக் கவிழ்த்துச் சொட்டு இல்லாமல் வடித்தோம். நான் ஒரு கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைக்கச் செய்தேன். அங்கிருந்து தள்ளு. சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், அது வண்டி அல்ல, மனம் வராத மாடு. நேராகத் தள்ளினால் வலது பக்கம் போகும். மர நிழல் இல்லாத ரோடு. எங்களைக் கடந்து போன கார்களும் லாரிகளும் சாவடியில் நின்று, ஒரு சலாம் வாங்கி, உறுமிக்கொண்டு போவது தூரத்திலிருந்தே தெரிந்தது. யாருடைய பெட்ரோலையும் தம்ளரில் பிடித்துப் பார்க்கவில்லை.

சாவடி இன்ஸ்பெக்டர் இளைஞர். நெற்றியில் விபூதி. சீட்டை வாங்கிப் பார்த்தார். குச்சி விட்ட ஜவான், “காஞ்சு கெடக்குங்க” என்றான்.

“எங்க ஐயா பெட்ரோல்?”

“தீர்ந்துவிட்டது” என்றேன்.

“காரைக்கால்ல பங்க் இருக்கே. போட்டுக்கிட்டு வர்றதுதானே? எல்லாரும் அதத்தானே செய்யுறாங்க. ரெண்டு காலன் இருந்தாக்கூட நாங்க கேக்குறதில்ல.” என்னையும் மாப்பிள்ளையையும் வேர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்கேருந்து காலி டாங்க்கோட தள்ளிக்கிட்டு வந்த ஆளுங்க நீங்கதான் மொதல்ல. டாங்க்குல பெட்ரோல் எடத்துல வேற என்னங்க இருக்கு?”

தங்கம். அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. காரைக்காலிலிருந்து தங்கம் எதிலெதிலெல்லாம் வருகிறது என்று பேப்பரில் தினம் வருகிறது. விதியைப் பின்பற்றியே ஒருவன் திருடனாக முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை பதறிப்போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். யானை, சேவல், முத்திரை, குரும்பகரம், சிவப்பு, மஞ்சள். உண்மை இவ்வளவு நம்ப முடியாததாக இருக்குமென்று நான் நினைத்ததில்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டாங்கைக் கழற்றச் சொன்னார். பதிவுப் புத்தகத்தை நீட்டச் சொன்னார்.

“சாம்பசிவங்கிறது?”

“நாந்தாங்க. வண்டி என்னு—”

“மாப்பிள்ளை, பேசாம இருங்க” என்றேன். இன்ஸ்பெக்டரிடம் திரும்பினேன். “வண்டி யார் பேர்ல இருந்தாலும் சீட்டுல கையெழுத்துப் போட்டவன்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் அதுக்குப் பொறுப்பாளி. அது என் கையெழுத்து. எழுதுறதா இருந்தா என் பேர எழுதுங்க. ரிடையர்டு சிரஸ்தார். பென்ஷன் தஞ்சாவூர் கஜானாவுல.”

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேனென்று தெரியவில்லை. எங்கே எழுதினால் அதை நிறுத்தலாம் என்று விலாசம் கொடுத்தது போல் ஆயிற்று. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மகளைக் கொடுத்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

டாங்கைக் கல்லின் மேல் வைத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். உள்ளே ரகசியத் தடுப்பு இருந்தால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் என்பது கணக்கு. நல்ல முறைதான், வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பேன். தண்ணீர் கழுத்து வரை வந்தது. அப்போது டாங்கின் பக்கவாட்டில், சைடுகார் பக்கமாக, பாதி உயரத்தில் ஒட்டு போட்ட வரிசையில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பியது.

“இங்க ஏதோ இருக்குங்க” என்று ஜவான் குனிந்தான். இன்ஸ்பெக்டர் பேனாக்கத்தியால் சுரண்டினார். சுரண்டச் சுரண்டப் பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல். தடுப்புமில்லை, தங்கமுமில்லை. ஜவான் டாங்கைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைக் கொட்டினான்; மட்டம் விரிசலுக்குக் கீழே போனதும் கசிவு நின்றது.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யானை மார்க்கை எப்போதும் டாங்க் நிறைய ஊற்றினோம். ஊற்றிய பாதியை விரிசல் குடித்தது. சைடுகார் நெடி அதுதான். மரைக்காயர் கொல்லையில் என் முத்திரை மூடியைப் பத்திரமாகக் காவல் காத்துக்கொண்டிருக்க, பக்கத்து வழியே பெட்ரோல் இரவெல்லாம் மணலில் போயிருக்கிறது. சேவல் மார்க்கையோ சாவடிக்குப் பயந்து எப்போதும் கொஞ்சமாகவே ஊற்றினோம். அது விரிசல் வரை ஏறவே இல்லை. சேவலுக்கும் யானைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. எங்கள் பயம்தான் லிட்டருக்கு அத்தனை மைல் ஓடியது. மாப்பிள்ளையும் விரிசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சயன்ஸ் வாத்தியார் அல்லவா, அவருக்கும் விளங்கியிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மிச்சத் தண்ணீரையும் கொட்டச் சொல்லிவிட்டு, டாங்கை மறுபடி மாட்டச் சொன்னார். சீட்டைக் கையில் வைத்திருந்தார். அதில் அவர் கையெழுத்து விழுந்தால் விஷயம் முடிந்தது. விழாவிட்டால் காகிதம் நாகப்பட்டினம் போகும். அங்கே என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை. ஜவான்கள் தள்ளிப் போகிற வரை காத்திருந்துவிட்டு, என்னைச் சாவடிக்குப் பின்னால் அழைத்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.” குரல் இறங்கியிருந்தது. “எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கு. தெனம் இங்கதான் நிக்கிறேன். என் கண்ணு முன்னாடி ஊருல இருக்கிறவன்லாம் அந்தப் பக்கம் போயி ஊத்திக்கிட்டு வர்றான். ஒன்றரை மடங்குங்கிறான். நான் மட்டும் போக முடியாது. உத்தியோகம். நீங்க பரிசோதனை பண்ணவங்க. நெசமாவே சேவல்தானா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். விரிசலைச் சுரண்டியது அவர்தான். ஆனாலும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தினம் தினம் கேட்ட பேச்சு அவ்வளவு ஊறிப்போயிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு முத்திரை, மணல், பாதி உயரம் எல்லாம் விளக்க வேண்டும். பேனா மூடி திறந்து மை காய்ந்துகொண்டிருந்தது.

“நீங்க எது ஊத்துறீங்க?”

“யானைதாங்க.”

“யானைதான் நல்லா ஓடுது” என்றேன். “சேவல்னு பேர்தான் பெரிசு. நாங்க ஏமாந்துட்டோம்.”

வருஷக்கணக்காக ஏதோ இழந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தவர், இழக்கவே இல்லை என்று தெரிந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். சீட்டைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். எழுத்து நன்றாகவே இருந்தது.

நாகூர் வரை தள்ள வேண்டியிருந்தது. சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகுதான், இன்ஸ்பெக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“அப்படி இல்லையே மாமா. ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“பின்ன அவர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உங்களுக்கு இன்னும் வேலை உறுதியாகல, மாப்பிள்ளை. தள்ளுங்க.”